அறுவை சிகிச்சையில் வயிற்றுக்குள் ஏற்றும் வாயுவை அறைக்குள் திறந்துவிட வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத் தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு, ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்களும் டெக்னீஷியன்களும் எழுதுவது. வணக்கம்.

பித்தப்பையோ குடல்வாலோ, லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) எடுக்க வயிற்றுக்குள் கரியமில வாயுவை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஏற்றுகிறோம். திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் காட்டரி சுடச்சுட உள்ளே புகை சேரும். கேமரா மங்கியதும் வயிற்றில் செருகிய குழாயான போர்ட்டின் ஸ்டாப்காக்கை (சிறு வால்வு) திறந்துவிடுவதுதான் வழக்கம். புகை பீய்ச்சிக்கொண்டு நேரே எங்கள் முகத்துக்கு வருகிறது. அந்தப் புகையில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. இதனால் லேப்ராஸ்கோப்பியில் நோய் பரவியதாக இன்னும் நிரூபணம் இல்லைதான்; அதற்காக அதை மூச்சில் இழுத்தா சோதிப்பது?

புகை வெளியேற்றும் கருவி வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மயக்க மருந்து சர்க்யூட்டில் போடும் வைரஸ் ஃபில்டர் போதும். ஸ்டாப்காக்கில் ஒரு டியூப், நீர் தங்க ஒரு ஜாடி, அடுத்து ஃபில்டர், அதன் பிறகு காற்றை உறிஞ்சும் சுவர் சக்‌ஷன். வரிசை மாறினால் ஃபில்டர் நனைந்து அடைத்துக்கொள்ளும். சக்‌ஷனை முழுதாகத் திறந்தால் வயிறு சுருங்கி சர்ஜனுக்குப் பார்வை போய்விடும். ஸ்டாப்காக்கைப் பாதி திறந்தால் போதும். ஒவ்வொரு நோயாளிக்கும் புது ஃபில்டர்.

பெரிய கசிவு போர்ட்டின் ரப்பர் வாஷரில்தான். திரும்பத் திரும்ப ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வெந்த ரப்பர் இறுகி விரிசல் விட்டுவிடும். அதை மாற்றச் சொன்னால் 'அடுத்த மாசம்' என்கிறீர்கள். 10 மி.மீ. போர்ட்டில் துளையைச் சிறிதாக்கும் ரெட்யூசர் இல்லாமல் 5 மி.மீ. கருவியை நுழைத்தாலும் அதே கதைதான்.

பித்தப்பையை வெளியே எடுக்கும் முன், போர்ட்டுகளை உருவும் முன், வாயு முழுவதும் ஃபில்டர் வழியே வெளியேற வேண்டும். வாயு ஏற்றும் மெஷினான இன்சஃப்ளேட்டரை நிறுத்துவதற்கு முன் போர்ட்டை மூடாவிட்டால் வயிற்று வாயு டியூப் வழியே மெஷினுக்குள் திரும்பும்.

ஸ்பிலிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. நம் வளவு வீடுகளில் சூடான காற்று போக முற்றமாவது உண்டு! அறைக் காற்று மணிக்கு 20 முறை புதிதாக மாறினால் 14 நிமிடத்தில் 99 சதவீத மாசு வெளியேறும். 6 முறை என்றால் 46 நிமிடம். நீங்களோ அடுத்த கேஸை அதற்குள் ஏற்றச் சொல்கிறீர்கள். காசநோய் சந்தேகம் உள்ளவரையாவது பட்டியலில் கடைசியில் போடுங்கள்.

சர்ஜிக்கல் மாஸ்க்கின் கன்ன ஓரத்தில் புகை புகுந்துவிடும். வால்வு இல்லாத என்95 கொடுங்கள், முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று ஆளுக்கு ஆள் சோதித்து. வாஷர், ஃபில்டர், மாஸ்க் மூன்றையும் இந்த மாத இண்டெண்டிலேயே (தேவைப் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தியேட்டர் ஊழியர்கள்