மூட்டுவாத சிகிச்சை வட்ட மருத்துவமனைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூட்டுவாத மருத்துவத்தில் ஆய்வு என்பது நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதில்தான் தொடங்குகிறது என்பதற்கு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய பிலிப் ஹென்ச் அருமையான சான்று. முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூட்டுவலி தணிந்ததை 1929இல் கவனித்த அவர், பெண்கள் கருவுற்றிருக்கும்போதும் அவ்வாறே தணிவதைப் பின்னர் கண்டு, உடலில் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே காரணம் என்று கருதி, விடாமல் தேடி, 1948இல் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு ஹார்மோனைச் செலுத்திப் பயன் கண்டார். 1950இல் நோபல் பரிசும் பெற்றார்.

அந்த வகை ஸ்டீராய்டு மாத்திரைகளை எங்கள் பகுதியில் சிலர் மருத்துவர் சீட்டின்றி வாங்கி நெடுநாள் விழுங்குவது, எலும்பு தேய்வதையும் சர்க்கரை ஏறுவதையும் அறியாததால்தான். முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை வாரம் ஒருமுறைதான் உட்கொள்ள வேண்டும், தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் யாராவது பொறுமையாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சிகிச்சையும் ஆய்வும் கற்பித்தலும் ஓரிடத்தில் நடைபெறும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மூட்டுவாத நோய்களைக் கவனிக்கும் மருத்துவ நோயெதிர்ப்பியல் துறை நமக்கு அருகிலேயே இருப்பது பெரும் பேறு. ஆனாலும், காலையில் விரல்களை மடக்கவே முடியாத ஒரு மூதாட்டி விருத்தாசலத்திலிருந்து பேருந்து மாறி மாறி அங்கு செல்வது எளிதன்று. இத்துறையில் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் வட்ட அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒருமுறையாவது நோயாளிகளைப் பார்க்கவும், அங்குள்ள மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியக் கற்றுத்தரவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்