நூலுக்குள் தேட வழி செய்யுங்கள்: தமிழ் மின்னூலகங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மேட்டூர் அணை திறக்கப்பட்ட 1934-இல் வெளிவந்த ஓர் இதழை மின்னூலகம் ஒன்றில் தேடிப் பிடித்தேன். உள்ளே 'அணை' என்று தட்டினால், 'முடிவுகள் இல்லை'. மனம் கேட்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் 'அணை' இருந்தது! ஆனால் அது பழைய 'ணை'. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை போன்ற வளைவோடு அச்சாயின. பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்து உரையாக்கும் ஓசிஆர் மென்பொருள் புது எழுத்தை மட்டுமே பழகியது. அது இந்தப் பழைய 'ணை'யை வேறு ஏதோ எழுத்தாகப் படித்து வைத்திருந்தது.

தொட்டால் உதிரும் தாளைப் பிரித்து ஸ்கேன் செய்தவர்களின் உழைப்பை நான் அறிவேன். அவர்களுக்கு நன்றி சொல்லி மாளாது. ஆனால் நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு இவற்றைக் கொண்டு மட்டுமே தேட முடிந்தால், நூலின் பெயர் முன்பே தெரிந்தவருக்குத்தானே நூல் கிடைக்கும்?

எழுத்து சரியாக இருக்கும் இடத்திலும் தேடலுக்குத் தமிழ் தெரிவதில்லை. 'குளம்' என்று கேட்டால் 'குளத்தில்' வராது. 'ஆறு' என்றால் 'ஆற்றங்கரை' வராது. உருபையும் சாரியையையும் பிரித்து அடிச்சொல்லோடு சேர்த்து அட்டவணைப்படுத்தாமல் இது தீராது. பழைய அச்சில் வரி முடியும் இடத்தில் இடைக்கோடு போடாமலே சொல்லை உடைப்பார்கள்: ஒரு வரியில் 'குளத்', அடுத்த வரியில் 'தில்'. அதையும் ஒட்ட வேண்டும்.

இன்னொன்று. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ'வின் குறியை ஒரே குறியாகவும் இடலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. தேடலுக்கு முன் அவற்றை ஒன்றாக்குவது சில வரி நிரல் வேலைதான். அதைக்கூடச் செய்யாமல் விட்டிருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஓசிஆருக்குப் பழைய எழுத்தைக் கற்பியுங்கள். அதுவரை, அது படித்து வைத்த உரையைப் படத்தின் அருகிலேயே வெளியிடுங்கள், பிழை மலிந்திருந்தாலும் சரி. இலவச இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் ஒருபுறம் பக்கத்தின் படம், மறுபுறம் உரை. தன்னார்வலர்கள் வரிவரியாக மெய்ப்புப் பார்க்கிறார்கள். உங்கள் தளத்திலும் அப்படி ஒரு வாசல் திறந்தால், அந்த 1934 இதழை முதல் பக்கத்திலிருந்து திருத்தித் தர நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்