டிக்கெட்டைப் பங்குனிக்கு எடு

கிளிநொச்சி,
மார்கழி.

அன்பு மகளுக்கு,

தை பிறந்ததும் ரொறொன்ரோவுக்கு வரச் சொல்கிறாய். தையில் வர இயலாது. டிக்கெட்டைப் பங்குனிக்கு எடு. காரணத்தைத் தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். வீட்டில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள், நாலு குட்டிகளோடு.

சந்திக்கு அங்கால் உள்ள நெல் ஆலையில், மூட்டை இடுக்கில் ஈன்றிருந்தாள். ஆலைக்காரருக்கு எலி பிடிக்கப் பூனை வேண்டும், குட்டி வேண்டாம். குட்டிகளைச் சாக்கில் போட்டு மீன் சந்தையில் விடப் புறப்பட்டார்கள். அங்கே சாப்பாடு கிடைக்குமாம்! கண் திறக்காத குட்டி மீனை வைத்து என்ன செய்யும்?

குட்டிகளை மட்டும் கொண்டுபோ என்றார்கள். தாய் இல்லாமல் வேண்டாம் என்றேன். மூன்று கிழமை மட்டும் குட்டிக்கு மூத்திரம்கூடத் தானாகப் போகாது. தாய் நக்கிவிட வேண்டும். மாட்டுப்பால் பருக்கினால் வயிற்றோட்டம் பிடிக்கும். பழைய கோழிக்கூட்டின் உள்மூலையில் குட்டிகளை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவை கத்தக் கத்த அவள் மூட்டையிலிருந்து இறங்குவாள், என்னைப் பார்ப்பாள், திரும்ப ஏறுவாள். கடைசியில் வயிறு நிலத்தில் உரச ஊர்ந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தினேன்.

உன் அறையில்தான் வைத்திருக்கிறேன், கோபிக்காதே. 2018 வெள்ளம் போல இல்லாவிட்டாலும் மழை விட்டபாடில்லை, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளையும் திறந்துவிட்டார்கள். குட்டிகளுக்குக் குளிர் ஆகாது. தாய்க்கு உப்பில்லாமல் அவித்த சூடை மீன். கண்கள் திறந்துவிட்டன, நாலுக்கும் நீலம். கடைக்காரரிடம் சின்னத் தராசு இரவல் வாங்கித் தினமும் நிறுக்கிறேன். நாளுக்குப் பத்துக் கிராமாவது ஏற வேண்டும். ஏறாததை மற்றவற்றுக்கு முன் குடிக்க விடுகிறேன். எல்லாவற்றிலும் சிறியவள் மூன்று நிறக்காரி. தட்டின் விளிம்பில் நகத்தை மாட்டிக்கொள்வாள், தூக்கினால் தட்டும் சேர்ந்து வரும். மூன்று நிறம் என்றால் அநேகமாகப் பெட்டைதான் என்று மிருக வைத்தியர் பார்க்காமலே சொன்னார்.

தாய்க்குக் காய்ச்சல் கண்டபோது உன் சித்தப்பா பனடோலைப் பாதியாக உடைத்துக்கொண்டு வந்தார். பூனைக்கு அது நஞ்சு. கையிலிருந்து தட்டிவிட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துக் கதைக்கிறார் இல்லை. கதைக்கட்டும், ஆறுதலாக.

இனித்தான் விஷயம். நீ காசு அனுப்பிக் கட்டும் அரை மதிலில் கடுவன் பூனை ஒன்று இப்போதே வந்து குந்திவிட்டது. பால் கொடுக்கும்போதே பூனை திரும்பச் சினைப்படும். இரண்டு மாதத்தில் அடுத்த ஈற்று. நான் தையில் விமானம் ஏறினால், திரும்பி வரும்போது இன்னொரு சாக்கு ஆயத்தமாக இருக்கும். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுவதாக வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் அறைக் கதவு பூட்டித்தான் இருக்கும். தாயை வெட்டுவது பாவம் என்கிறார்கள் அயலில். சாக்கைக் கட்டும்போது அந்தப் பாவம் எங்கே போயிருந்ததோ!

செலவுக்கு மதில் காசில் எடுக்கிறேன்.

வட்டக்கச்சியில் உன் சினேகிதி கடுவன் குட்டி ஒன்று கேட்கிறாள். நெல் வைத்திருக்கும் வீடு, நல்ல இடம்தான். ஆனால் எட்டுக் கிழமைக்கு முன் தரமாட்டேன். மூன்று நிறக்காரியையும் சேர்த்து எடுத்தால் அவளுடைய கருத்தடைச் செலவும் என்னுடையது. நாலு மாதத்திலேயே சினைப்படக்கூடும் என்பதையும் சொல்லு. நான் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவாள். நீ கேட்டால் மறுக்கமாட்டாள். இந்தக் கிழமையே கதைத்துவிட்டு எனக்கு அறிவி.

அன்புடன்,
அம்மா