தூங்கிவிட்டு எடிட் பண்ணு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ராத்திரி மூன்றரைக்கு நீ அனுப்பிய உன் படத்தின் ரஃப் கட்டை, அதாவது முதல்கட்ட எடிட்டை, பார்த்தேன். அப்பாவும் மகளும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பாதியாகக் குறைத்திருக்கிறாய். மகள் தலை நிமிர்வதற்குள் அடுத்த ஷாட் வந்துவிடுகிறது. "இழுக்குற மாதிரி இருந்துச்சு" என்று காரணம் வேறு. ஒரே காட்சியை ராத்திரி பூராவும் ஓட்டி ஓட்டிப் பார்த்தால் எதுதான் இழுக்காது? முதல் தடவை பார்க்கிறவருக்கு அந்த மௌனம் வேண்டும்.

சும்மா மூத்தவன் என்கிற உரிமையில் சொல்லவில்லை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறியவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997இல் ஓர் ஆய்வு வந்தது. குடித்துவிட்டு எடிட்டுக்கு வருகிறவரை உன் யூனிட்டில் வைத்துக்கொள்வாயா? அதே வருடம் ஹாலிவுட்டில் 19 மணி நேரப் படப்பிடிப்பு முடித்துக் காரில் வீடு திரும்பிய உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர், வழியில் கண்ணயர்ந்து இறந்துபோனார். 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் வருடக்கணக்கில் பேசினார். 2006இல் அதைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். அங்கேயாவது சண்டை போடச் சங்கம் இருக்கிறது. சொந்தக் காசில் படம் எடுப்பவனுக்கு முதலாளியும் அவன்தான், தொழிலாளியும் அவன்தான். அந்த முதலாளிக்குக் கொஞ்சமும் இரக்கம் கிடையாது.

படத்துக்காக மாதச் சம்பள வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். விடாதே. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' (1998). நடித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறு வேலை இருந்ததால் சனிக்கிழமைகளில் மட்டும் எடுத்தார்கள், ஏறக்குறைய ஒரு வருடம். ஃபிலிம் சுருளை வீணாக்க வசதியில்லை. அதனால் நன்றாக ஒத்திகை பார்த்து ஓரிரண்டு டேக்கில் முடித்தார்கள். சத்யஜித் ராயும் விளம்பரக் கம்பெனி வேலையில் இருந்துகொண்டேதான் 'பதேர் பாஞ்சாலி'யை ஆரம்பித்தார். 1952இல் ஆரம்பித்த படம், நடுவில் பணமில்லாமல் நின்று நின்று, 1955இல்தான் வெளிவந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் மனைவியின் நகையை அடகு வைத்ததைத்தான் உருகி உருகிச் சொல்வார்கள். மாதச் சம்பளத்தை யாரும் சொல்வதில்லை. எனக்கென்னவோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. வாடகைக்குக் கவலையில்லை என்றால், "கிளைமாக்ஸை மாத்து, பணம் போடுறேன்" என்று ஒருவர் வரும்போது தைரியமாக மாட்டேன் என்று சொல்லலாம்.

ஃபிலிம் ஃபெஸ்டிவல் நிராகரிப்புகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்காதே. படத்தின் நீளம், ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்ட இதே மாதிரியான கதை என்று அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஒன்றும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். அந்த மெயில்களை வாரத்தில் ஒரு நாள், பகலில் திற. படுக்கப்போகும் நேரத்தில் திறக்கவே திறக்காதே.

அப்புறம், நண்பர்களைப் பார்த்தே பல மாதம் ஆகிறது, படம் முடிந்ததும் போக வேண்டும் என்கிறாய். படம் எங்கே முடிகிறது? எடிட் முடிந்தால் ஒலியைச் சேர்க்கும் மிக்ஸிங், அது முடிந்தால் நிறத்தைச் சரிசெய்யும் கிரேடிங், அதற்கப்புறம் விற்கிற பாடு. இந்த வாரமே போ. படத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்துவிட்டு வா.

சரி, கட் விஷயம். ஒரு வாரம் புராஜெக்டைத் திறக்காதே. பிறகு கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து, அந்தக் காட்சியின் பழைய கட்டோடு முழுப் படத்தையும் ஓட்டு. நீ திரையைப் பார்க்காமல் அவரைப் பார். எங்கே நெளிகிறார், எங்கே போனை எடுக்கிறார் என்று குறித்துக்கொள். அந்தக் குறிப்போடு வா, உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்