போனுக்குள் ஒரு ரன்டைம்: நண்பனுக்குக் கடிதம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. புது வேலை பிடித்திருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதி முழுக்க உன் நிரல் மொழியின் ரன்டைமை, அதாவது அந்த மொழியில் எழுதிய நிரல்களை ஓட்டும் மென்பொருளை, ஐபோனில் ஓட்டுவதைப் பற்றியே எழுதியிருக்கிறாய், படிக்கவே சந்தோஷமாக இருந்தது.

கணினியில் ஐபோனைப் போலச் செயல்படும் சிமுலேட்டரில் நன்றாக ஓடுவது போனில் ஏன் விழுகிறது என்று கேட்டாய். சிமுலேட்டரில் உன் ஆப் மேக்கில் ஓடும் ஒரு ப்ராசஸ்தான், அங்கே ஜிட் (நிரல் ஓடும்போதே அதை மெஷின் கோடாக மாற்றும் கம்பைலர்) மெமரியில் புதிதாக மெஷின் கோடு எழுதி உடனே ஓட்டலாம். போனில் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கோடை இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஓட விடாது. அதற்கான அனுமதி பிரவுசர் எஞ்சினுக்கு மட்டும்தான். 2024-ல் ஐஓஎஸ் 17.4 வந்தபிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் மற்ற பிரவுசர் எஞ்சின்களும் அதைக் கேட்டுப் பெறலாம், ஆனால் உன்னுடையது பிரவுசர் இல்லையே.

ஜிட்டை அணைத்துவிடு, அது பெரிய இழப்பு இல்லை. மோனோடச் என்ற கருவி 2009-லேயே சி ஷார்ப் மொழி நிரலை முன்கூட்டியே கம்பைல் செய்து ஐபோனுக்குக் கொண்டுபோனது, ஆப் கட்ட உதவும் கூகிளின் ஃப்ளட்டரும் ரிலீஸ் பில்டில் அதைத்தான் செய்கிறது. பயனர் போனிலேயே எழுதும் நிரலுக்கு மட்டும், மெஷின் கோடாக மாற்றாமலே ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் வேண்டும். லுவா மொழியை ஓட்டும் லுவாஜிட்டின் இன்டர்ப்ரெட்டர் அசெம்பிளியில் எழுதியது, ஜிட் இல்லாமலும் வேகமாக ஓடும்.

உண்மையில் கை கட்டப்படுவது வேறு இடத்தில். பைத்தான் 3.13-லிருந்து ஐஓஎஸுக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு இருக்கிறது, ஆனாலும் இன்னொரு ப்ராசஸைத் தொடங்க முடியாது என்பதால் சப்ப்ராசஸ் மாட்யூல் அங்கே வேலை செய்யாது. சி-யில் எழுதிய ஒவ்வொரு மாட்யூலும் தனி ஃப்ரேம்வொர்க்காக ஆப்போடு சேர்ந்தே வர வேண்டும், அப்புறம் இறக்கிக்கொள்ள வழியில்லை. உன் லைப்ரரிகளில் எத்தனை இதை நம்பியிருக்கின்றன என்று இப்போதே பார்த்துவிடு.

ஆண்ட்ராய்டில் ஜிட்டுக்குத் தடை இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தையதைக் குறிவைக்கும் ஆப், தன் சொந்த ஃபோல்டரில் எழுதிய பைனரியை நேரடியாக ஓட்ட முடியாது. எஃப்-ட்ராய்டு என்ற ஆப் களஞ்சியத்தில் கிடைக்கும் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் பழைய ஏபிஐ 28-லேயே (ஆண்ட்ராய்டு 9) நிற்பது இதனால்தான்.

பாதுகாப்புக்கு இந்தக் கட்டுப்பாடுகள் உதவுகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போனைத் தவிர வேறு கணினியே இல்லாத ஒரு மாணவி அதிலேயே நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க முடியாவிட்டால் அது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது, அதனால் நீ இதை விடக்கூடாது. ஆப் வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டுவதைத் தடுக்கும் ஆப் ஸ்டோர் விதி 2.5.2-ல், நிரலாக்கம் கற்பிக்கும் ஆப்களுக்கு விலக்கு உண்டு: மூலநிரல் முழுவதையும் பயனர் பார்க்கவும் திருத்தவும் முடிய வேண்டும். எடிட்டரை அதற்கேற்ப அமைத்துவிடு.

ஜிட் இல்லாத பில்டைப் போனில் போட்டுப் பார், விழுந்தால் க்ராஷ் லாகை அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்