முகப்பைத் திறந்துவிடுங்கள், ஆச்சி

அன்புள்ள ஆச்சி,

"சலங்கை இல்லை, பாட்டு இல்லை, தரையில் உருளுகிறார்கள். இதுக்குப் பேர் நடனமா?" என்று, எங்கள் தற்கால நடனப் பட்டறைக்கு உங்கள் வீட்டைக் கேட்டபோது, போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பட்டறைக்கு வீடு கேட்டால் காரைக்குடியில் வேறு பெரியவர்களும் இதைத்தான் கேட்பார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

இந்த வகை நடனத்துக்கு முன்னோடியான சந்திரலேகா, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் முறையாகப் பரதம் கற்றவர். 1985-இல் 'அங்கிகா'வை மேடையேற்றியபோது பரதத்தோடு யோகத்தையும் கேரளப் போர்க்கலையான களரிப்பயிற்றையும் சேர்த்தார். புராணக் கதையை எடுத்துவிட்டார். முதுகெலும்பு, மூச்சு, இடுப்பு, தரையில் ஊன்றிய பாதம், இவைதான் அவருக்குப் பொருள். 2001-இல் வந்த 'சரீரா'வில் ஒரு பெண், ஒரு ஆண், துருபத் என்ற வடஇந்தியச் செவ்வியல் இசை, அவ்வளவுதான். 2006-இல் அவர் போய்விட்டார். அவரிடம் ஆடிய பத்மினி செட்டூர் இன்றைக்குத் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறார்.

"நம் வீட்டுப் பெண்கள் இப்படி ஆடலாமா" என்றும் கேட்டீர்கள். பரதத்தையே ஒரு காலத்தில் இப்படித்தானே கேட்டார்கள்! பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார். 1947-இல் அதை ஒழிக்கும் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1935-இல், தேவதாசி மரபுக்கு வெளியே பிறந்த ருக்மிணி தேவி அடையாறில் பரதம் ஆடி மேடையேறிவிட்டார். பரம்பரையாக ஆடிய குடும்பத்துப் பெண்கள் ஒதுங்கவேண்டி வந்தது. மற்ற வீட்டுப் பெண்களுக்கு அதே ஆட்டம் கௌரவமானது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் கற்று, 2019-இல் பத்மஸ்ரீ வாங்கினார். எந்த உடம்பு ஆடலாம் என்று ஊர் போடும் கணக்கு மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

சென்னையில் நான் போன பட்டறையில் முதல் பயிற்சி வெறும் நடை. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சும்மா நடக்கவேண்டும். வந்திருந்த பெண்களில் பாதிப் பேருக்குக் கை தானாகத் துப்பட்டாவுக்குப் போனது. தோள் குறுகியது. ஒரு அக்கா சுவரை ஒட்டியே நடந்தார். யாரும் அவரைத் திருத்தவில்லை. "உங்கள் தோளுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது?" என்று மட்டும் ஆசிரியர் கேட்டார். அந்த அக்கா பதில் சொல்லாமல் மறுபடி நடந்தார், இந்தத் தடவை நடுக்கூடத்தில். தரையில் படுப்பதும் உருளுவதும் அதற்கு அப்புறம்தான். உடம்பின் கனத்தைத் தரையிடம் விடுவதற்கு.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கத்து முகப்பிலும் பட்டாலையிலும் ஆண்கள் கணக்குப் பார்த்தார்கள், விருந்தாளியோடு பேசினார்கள். பெண்களுக்குப் பின்பக்கத்து இரண்டாங்கட்டு. யார் எங்கே நிற்கலாம், எதுவரை வரலாம் என்று அந்தத் தூண்களுக்கெல்லாம் தெரியும். அதனால்தான் ஓட்டல் மண்டபத்தை விட்டுவிட்டு உங்களிடம் வந்தேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். எல்லோரும் வெறுங்காலோடுதான் இருப்பார்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லில் கீறல் விழாது. தேக்குத் தூணில் ஆணி அடிக்க மாட்டோம், விளக்குக் கட்ட மாட்டோம். முதல் நாள் பெண்களும் திருநங்கைகளும் மட்டும். சாப்பாடு எங்கள் பொறுப்பு. "இரண்டாங்கட்டில் வேண்டுமானால் நடத்திக்கொள்ளுங்கள்" என்றீர்களே, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் ஆச்சி. முகப்பையும், முற்றத்தைச் சுற்றிய வளவையும் கொடுங்கள். பெண்கள் அங்கேதான் நடக்கவேண்டும். நீங்களும் வந்து நடுவில் நாற்காலி போட்டு உட்காருங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். தை பிறந்ததும் எந்தச் சனி, ஞாயிறு தோதுப்படும் என்று சொல்லுங்கள்.