செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நமது வரலாற்றுச் சங்கம் மேற்கொண்ட பணிகளில் முதன்மையானது, நமது போர்ட் டவுன்சென்டில் வாழ்ந்து, 2009 ஜனவரி 1 அன்று தமது 89-ஆம் வயதில் மறைந்த அமெரிக்க இராணுவ கேப்டன் ராபர்ட் பிரின்ஸ் அவர்களுக்கு நடத்திய நினைவேந்தலாகும். இரண்டாம் உலகப் போரின்போது பிலிப்பைன்ஸில் ஜப்பானியர் வைத்திருந்த கபனதுவான் சிறைமுகாமிலிருந்து 500-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மீட்கப்பட்ட 80-ஆம் ஆண்டு நிறைவு நாளான ஜனவரி 30 மாலை அக்கூட்டம் நடைபெற்றது.

1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் அமெரிக்கக் கைதிகள் ஜப்பானியரால் பதுங்குகுழிகளுக்குள் எரித்தும் சுட்டும் கொல்லப்பட்ட செய்தி வெளிவந்ததும், கபனதுவானிலும் அதுவே நேரும் என்ற அச்சம் எழுந்தது. லெப்டினன்ட் கர்னல் ஹென்றி மூச்சியின் தலைமையில் ஆறாவது ரேஞ்சர் எனும் அமெரிக்கச் சிறப்புப் படைப்பிரிவினர் எதிரியின் பகுதிக்குள் ஏறத்தாழ 30 மைல் ஊடுருவிச் சென்றனர். முகாமைத் தாக்கும் பொறுப்பு 25 வயதே ஆன பிரின்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. மறைவிடம் ஏதுமில்லாத வெட்டவெளியில் வீரர்கள் வயிற்றால் ஊர்ந்து வர, காவலர்களின் கண்களை வானத்தின் பக்கம் திருப்புவதற்காகப் பி-61 வகை அமெரிக்கப் போர் விமானம் ஒன்று தாழப் பறந்து வட்டமிட்டது. தாக்குதல் ஓய்ந்ததும் பிரின்ஸ் குடில் குடிலாகச் சென்று, எவரேனும் எஞ்சியிருக்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்த்த பிறகே பின்வாங்குவதற்கான சிவப்பு ஒளிவாணத்தைச் சுட்டார். எனினும் காது கேளாத கைதி ஒருவர் உள்ளேயே தங்கிவிட்டார். அவரைப் பின்னர் பிலிப்பைன்ஸ் கொரில்லா வீரர்கள் கண்டு அழைத்து வந்தனர்.

இவ்விடத்தில் ஒரு குறையைப் பதிவு செய்வது என் கடமை. நமது காட்சிப்பலகையில் இதுவரை ரேஞ்சர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. விமானத்தை வரவழைக்கும் யோசனையைச் சொன்னவரே கொரில்லாத் தலைவர் கேப்டன் ஹுவான் பஹோட்டாதான். காபு ஓடைப் பாலத்தில் ஜப்பானியப் படையை அவருடைய ஆட்கள் தடுத்து நிறுத்தியிராவிட்டால், நடக்கவும் வலுவில்லாத அக்கைதிகள் ஆற்றைக் கடந்திருக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. முகாமை ஒட்டிய சாலையின் மறுபக்கத்தை மற்றொரு கொரில்லாத் தலைவரான கேப்டன் எடுவார்தோ ஹோசோன் காத்து நின்றார். வழியிலிருந்த ஊர்மக்கள் நாய்களின் வாயைக் கட்டி, கோழிகளை அடைத்து வைத்து ஓசை எழாமல் பார்த்துக்கொண்டனர். கைதிகளை ஏற்றிச் செல்ல அவர்கள் கொண்டுவந்த எருமை வண்டிகள் வழிநெடுகப் பெருகி இறுதியில் 100-ஐத் தாண்டின. நினைவேந்தலில் வரைபடத்தை மேசைமேல் விரித்து, பம்பாங்கா ஆற்றின் மீது விரலை வைத்து மூத்த உறுப்பினர் ஒருவர் இதை விளக்கியபோது அரங்கில் பேச்சொலியே இல்லை.

போருக்குப் பின் வெனாட்சி நகரில் ஆப்பிள் வணிகத்தில் ஈடுபட்ட பிரின்ஸ், தம்மைப் பாராட்டியவர்களிடம், அழிவு அல்லாத ஒரு செயலைப் போரில் செய்யக் கிடைத்த வாய்ப்புக்குத் தாமே நன்றி சொல்ல வேண்டும் என்று கூறியவர்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பஹோட்டா, ஹோசோன் ஆகியோரின் பெயர்களையும், அம்மீட்பில் உயிர்நீத்த மருத்துவர் கேப்டன் ஜேம்ஸ் ஃபிஷர், கார்ப்பரல் ராய் ஸ்வீசி ஆகியோரின் பெயர்களையும் சேர்த்துப் பலகையைப் புதிதாக எழுதப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இவண்,
செயலாளர்